இடது பக்கத்திலிருந்து இன்னொரு படம்

பல் கட்டும் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வடித்து, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி, இளஞ்சிவப்பு ஈறோடு செட்டாகத் திருப்பி அனுப்புவார். அதனால் தெரிந்தவர்கள் மத்தியில் 'பல்செட்காரர்' என்றே பெயர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் லாரி கட்டுவார். நிஜ லாரியை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கிய லாரி.

கடையில் பெட்டியில் வரும் பாகங்களை அப்படியே ஒட்டிவிட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். பெட்டியில் இருப்பது ஏதோ ஒரு லாரி. அவருக்குத் தெருவில் ஓடுகிற குறிப்பிட்ட ஒரு லாரி வேண்டும். சேஸிஸை அறுத்து நீட்டுவார். சக்கர அச்சு ஒன்று கூட்டுவார். பல்லுக்குக் கிளிப் போடும் கம்பியை வளைத்துப் புகைக்குழாய் ஆக்குவார். காலியான சிரிஞ்ச் ஏர் டேங்க் ஆகும். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உடைத்தால் பக்கத்துக் கண்ணாடி தயார். பெயின்ட் அடித்து முடித்த பிறகு சேறும் துருவும் பூசுவார். "புதுசா இருக்கிறதை ஏங்க அழுக்காக்குறீங்க?" என்று மனைவி கேட்பாள். "ஓடின வண்டி மாதிரி தெரியணும்ல." "ஓடுற வண்டியா? வீட்டுக்குள்ள இத்தனை லாரி நிக்குது, கடையில இருந்து ஒரு மூட்டை சாமான் கொண்டு வர ஒண்ணுக்கும் துப்பில்ல."

யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் மட்டும் முகம் மாறும். "பொம்மை இல்லங்க, மாடல்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

அவருடைய ஒரே தங்கையின் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். நீல நிறக் கேபின், பின்னால் நீளமான டிரெய்லர். வாரக்கணக்கில் வெளியூர். குடும்பத்தில் மற்றவர்கள் 'வந்துட்டீங்களா, எப்ப கிளம்புறீங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பல்செட்காரர்தான் உட்கார வைத்து வண்டியைப் பற்றிக் கேட்பார். கியர் மாற்றும்போது என்ன சத்தம் வரும், கேபின் படுக்கைக்குப் பின்னால் என்ன வைத்திருப்பார், பம்பரில் அந்த நசுங்கல் எப்படி வந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்பார். மாப்பிள்ளைக்கு அதில் சந்தோஷம் தாங்காது. "மச்சான் ஒருத்தருக்குத்தான் என் வேலை என்னன்னு தெரியும்" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

"உங்க வண்டியையே கட்டப் போறேன் மாப்பிள்ளை" என்று ஒருநாள் இவர் சொன்னபோது, அந்த ஆஜானுபாகுவான மனிதர் வெட்கப்பட்டார்.

அதற்குப் பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. எங்கே வண்டியை நிறுத்தினாலும் மாப்பிள்ளை இறங்கி ஒரு படம் எடுத்து அனுப்புவார். சக்கரத்தின் நட்டு, பேட்டரிப் பெட்டி, மட்கார்டில் ஒட்டிய தார், எல்லாம் வந்தது. இவர் கேட்பார், அவர் எடுப்பார். சேஸிஸ் முடிந்தது, டிரெய்லர் முடிந்தது, கேபினும் முடிந்தது. கூரை மட்டும் பாக்கி. கூரைமேல் ஏர் ஹாரனும் விளக்குகளும் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று கீழே இருந்து எடுத்த எந்தப் படத்திலும் தெரியவில்லை.

அன்று இவருக்கு விடுமுறை. மேசை முன்னால் உட்கார்ந்து செய்தி அனுப்பினார். "மேல ஏறி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா மாப்பிள்ளை?"

"இங்க தூறல் போடுது மச்சான். நாளைக்கு எடுக்கட்டுமா?"

"இன்னிக்கே கிடைச்சா லீவுலயே ஒட்டி முடிச்சிடுவேன்."

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. ஈரம் மின்னும் நீலக் கூரை, அதன்மேல் ஜோடி ஹாரன், பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம். பல்செட்காரர் பூரித்துப்போனார். "அருமை! இன்னும் ஒண்ணே ஒண்ணு, இடது பக்கத்திலிருந்து" என்று அனுப்பிவிட்டு, பசையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த படம் வரவில்லை. பசை காய ஆரம்பித்தது. ஒரு படம் எடுக்க இவ்வளவு நேரமா என்று அவருக்கு எரிச்சல்கூட வந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் இந்த எரிச்சல்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. வண்டியிலிருந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

இடது இடுப்பு நொறுங்கியிருந்தது. தொடை எலும்பும் முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் இனிமேல் கிளட்ச் மிதிக்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்த சமயத்தில் மாப்பிள்ளை இவரைக் கிட்டே கூப்பிட்டார்.

"தார்ப்பாய் அவிழ்ந்திருந்துச்சு, கட்ட ஏறினேன்னு சொல்லியிருக்கேன். நீங்க வாயைத் திறக்க வேண்டாம்."

"மாப்பிள்ளை, நான்..."

"அவளுக்கு அண்ணன்னா உசிரு. அதுல எதுக்கு விரிசல்? எலும்புல விட்டது போதும்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

பல்செட்காரர் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் தனக்குள் லேசாக ஒரு நிம்மதி வந்ததை அவர் கவனித்தார். அதற்காகத் தன்னை என்றைக்கும் அவர் மன்னித்ததில்லை.

மாப்பிள்ளை வீடு திரும்பிய பிறகு இவர் அநேகமாகத் தினமும் அங்கே போய்வந்தார். குளிக்கத் தூக்கிவிட்டார், கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துக் கொடுத்தார். "எனக்கு அண்ணன் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?" என்று தங்கை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது காதில் விழும். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருக்கும்.

அவளுடைய கோபம் முழுக்கக் கணவன்மேல். அதுவரை வீட்டோடு இருந்தவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்து உட்காரும்போது வாய் சும்மா இருக்காது.

"மழையில எவனாவது மேல ஏறுவானா? அறிவு வேண்டாம்? நீயே சொல்லு அண்ணா."

மாப்பிள்ளை சுவரைப் பார்ப்பார். அண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்பார்.

வீட்டில் மேசைமேல் கூரையில்லாத நீல லாரி ஒரு துணிக்கு அடியில் கிடந்தது. "என்ன, லாரி ஸ்டிரைக்கா?" என்று மனைவி கேட்டதற்குக் கண் வலிக்கிறது என்றார். வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு கிழவருக்குக் கோரைப் பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டார். "இந்த மனுஷன் சிரிச்சா பேரப்பிள்ளை பயப்படுதாம்யா" என்று பல் டாக்டர் போனில் கத்தினார். மற்ற சமயமாக இருந்தால் பல்செட்காரர் சிரித்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கைத்தடியை ஊன்றி அறைக்குள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். தடி வழுக்கி ஒரு டம்ளர் உருண்டது. அதிலிருந்து பேச்சு பழைய இடத்துக்கே போனது.

"எல்லாம் நீங்களா இழுத்துவிட்டது. உங்க முட்டாள்தனத்துக்கு நான் நின்னு நின்னு சாகிறேன்."

மாப்பிள்ளை குனிய முடியாமல் குனிந்து அந்த டம்ளரை எடுக்கப் பார்த்தார். எட்டவில்லை.

"அவரை விடு," என்றார் பல்செட்காரர். "நான்தான் ஏறச் சொன்னேன்."

"மச்சான், சும்மா இருங்க."

"எதுக்கு ஏறச் சொன்ன?" என்றாள் தங்கை, புரியாமல்.

"போட்டோ எடுக்க."

"என்ன போட்டோ?"

"பொம்மை லாரிக்கு." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்தது. "தூறல்னு சொன்னார். நாளைக்கு எடுக்கட்டுமான்னு கேட்டார். நான்தான் கேக்கல. ஒண்ணு அனுப்பின பிறகும் இன்னொண்ணு கேட்டேன். அதை எடுக்கப் போய்த்தான்..."

தங்கை கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றையும் எடுத்து மடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏறச் சொன்னது தெரியாம சொன்னதுன்னு வெச்சுக்கலாம். நான் இவரைத் தினம் தினம் திட்டினேனே, அப்ப பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தியே அண்ணா. 'ம்'னு வேற சொன்னியே."

அவர் குனிந்து, உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து வைத்தார்.

"போ. இப்ப நீ கிளம்பு."

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். அவர் இவரிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "உங்க மனசுல இருந்த பாரத்தை இறக்கி வெச்சிட்டீங்க மச்சான். சரி. ஆனா எங்க வீட்டு நடுக்கூடத்துல இறக்கிட்டுப் போயிட்டீங்க. அவ என் முகத்தைப் பாக்க முடியாம அழுதுக்கிட்டே இருக்கா. திட்டு வாங்கறது எனக்குப் பழகியிருந்துச்சு. இதைப் பாக்கத்தான் முடியல."

சொல்லாமல் இருந்ததும் தப்பு, சொன்னதும் தப்பு என்று ஆகிவிட்டது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இத்தனை நாளா என்கிட்டயும் சொல்லலையே" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். நீல லாரியை உடைத்துப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் சுத்தியலை எடுத்தார். மனசு வரவில்லை. ஒரு மனிதனின் இடுப்பைவிட இது பெரிதா என்று தன்னையே கேட்டுக்கொண்டும் கை ஓங்கவில்லை. அந்த வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது.

பல மாதம் கழித்து மாப்பிள்ளையே கூப்பிட்டார். வேலை பார்த்த லாரி ஷெட்டிலேயே, வண்டிகளுக்குப் போனில் வழி சொல்லும் நாற்காலி வேலை கிடைத்திருந்தது. "அந்த வண்டியை எடுத்துட்டு வாங்க. நான் விழுந்த வண்டியை நான் பாக்க வேண்டாமா?"

நீளமான ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். தங்கை கதவைத் திறந்து வழிவிட்டாள், டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். மாப்பிள்ளை வண்டியை மடியில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பம்பர் நசுங்கலைத் தொட்டுச் சிரித்தார். கேபினுக்குப் பின்னால் இருந்த குட்டி ஏணிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது தப்பு மச்சான். மேல் படி வளைஞ்சிருக்கும். ரொம்ப நாளா அப்படித்தான், அன்னிக்குக் கால் நழுவினதும் அதுலதான். சரி பண்ணச் சொல்லணும்னு நினைச்சு நினைச்சு விட்டுட்டேன்."

தங்கை அடுக்களை வாசலிலிருந்து கேட்டாள். "எந்தப் படி?"

அவர் காட்டினார். அவள் வந்து குனிந்து பார்த்தாள். கம்பியில் செய்த படி, ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனிடம், "உங்க மச்சானுக்கு டீ ஆறுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அண்ணா என்று அவள் மறுபடி கூப்பிட இன்னும் நாளாயிற்று. இப்போது பேசுகிறாள். வேண்டியதைப் பேசுகிறாள். முன்பு போல வாசலிலேயே ஆரம்பித்துக் கதையெல்லாம் சொல்வதில்லை. வாரத்தில் ஒருநாள் மாப்பிள்ளையைக் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போவது பல்செட்காரர்தான். வழியில் இரண்டு பேரும் லாரியைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். நீல லாரியை மாப்பிள்ளை சொல்லச் சொல்லக் கட்டி முடித்தார், படியை வளைத்து. அதைத் தன் வீட்டில் வைக்கக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள். இவரும் அலமாரியில் வைக்கவில்லை. பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது.

கொஞ்ச நாளாக மறுபடி கட்டுகிறார். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி. யாரிடமும் படம் கேட்பதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தானே போய் அளக்கிறார். ஒருநாள் தண்ணீர் லாரி டிரைவர், "மேல மூடி எப்படி இருக்குன்னு நான் ஏறிப் பாத்துச் சொல்லட்டுமா சார்?" என்று பாதி ஏணி ஏறிவிட்டார்.

"இறங்குங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மூடியை உத்தேசமாகத்தான் செய்திருக்கிறார். மாடல் கட்டுகிறவர்கள் கூடும் இடத்தில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, மூடி இப்படி இருக்காதே என்றார்.

"தெரியும்," என்றார் பல்செட்காரர்.