கூட்டத்துக்கு வராத இருபத்துமூன்று உறுப்பினர்கள்

ஊரில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான் இருந்தான். அவன் ஏறிப்போன சரக்குக் கப்பல் காணாமல் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது.

கப்பலின் முதலாளி ஒரு நாட்டில் இருந்தார். கப்பலில் பறந்த கொடி இன்னொரு நாட்டுடையது. ஆட்களை ஏற்றி அனுப்பிய ஏஜென்சி மூன்றாவது நாட்டில் இருந்தது, பிறகு அதுவும் கடையைக் கட்டிவிட்டது. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். பகலெல்லாம் டைப்பிங் கடையில் ஊரார் மனுக்களை அடித்துக் கொடுப்பவள், மாலையில் தன் மனுவை அடித்தாள். போட்ட கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

அப்படித்தான் சங்கம் பிறந்தது. டயர் கடை மாடியில் ஓர் அறை, ஒரு பீரோ, பன்னிரண்டு நாற்காலி. கப்பலில் போன இருபத்துமூன்று பேரின் குடும்பங்களும் சேர்ந்தன. முதல் கூட்டத்திலேயே ஒரு வழக்கம் வைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் உறுப்பினர், கடலில் இருப்பவரும் உறுப்பினர். ஆக நாற்பத்தாறு பேர். யார் சொன்ன யோசனை என்று இன்று யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு எல்லோரும் அழுதுகொண்டே கை தட்டினார்கள்.

நாடுகள் கூடிப் பேசும் பெரிய சபை ஒன்று உண்டு. கொடிக்குச் சொந்தமான நாட்டின் பிரதிநிதியும் அங்கே வந்து உட்கார்ந்தாக வேண்டும். சபைக்கு ஆலோசனை சொல்லும் தகுதி பெற்ற சங்கங்களுக்குப் பின்வரிசையில் இடம் உண்டு. அனுமதி கிடைத்தால் இரண்டு நிமிடம் பேசலாம். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பெரியக்கா ஆறு வருடமாக மல்லுக்கட்டினாள்.

விண்ணப்பத்தைப் பார்ப்பது, அந்தக் கொடி நாடும் உட்படச் சில நாடுகள் சேர்ந்த ஒரு குழு. வருடத்துக்கு இரண்டு முறை கூடும். ஏதாவது ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும். வேறு எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள்? தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? போன தடவை சொன்ன பதிலையே வேறு மாதிரிச் சொல்ல முடியுமா? டீ ஆறுவதற்குள் ஏதாவது கேட்டு வைப்போம் என்று கேட்டார்களோ என்னவோ, பதினொரு கேள்விகள். பெரியக்கா பதினொன்றுக்கும் சளைக்காமல் பதில் அடித்து அனுப்பினாள்.

பன்னிரண்டாவது கேள்விதான் ஆளைச் சாய்த்தது. உறுப்பினர் நாற்பத்தாறு என்கிறீர்கள், ஆண்டுக் கூட்டக் குறிப்பில் பாதிப்பேரின் கையெழுத்து ஒருமுறையும் இல்லை; தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் உறுப்பினர் அல்ல என்று உங்கள் ஒன்பதாம் விதியே சொல்கிறது; சரிசெய்து அனுப்புங்கள், இதுவே கடைசி வாய்ப்பு.

ஒன்பதாம் விதியா? அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. சங்கத்தைப் பதிவு செய்யும் அவசரத்தில், கடைக்கு வந்த வீட்டுமனைச் சங்கத்தின் விதிகளைப் பெயர் மாற்றி அப்படியே அடித்துவிட்டிருந்தாள்.

கடைக்கு வாடிக்கையாக வரும் வக்கீலிடம் காட்டினாள்.

"இதுக்கா இப்படி முழிக்கிறீங்க பெரியக்கா? வராதவங்க பேரைக் கோடு போட்டு அடிச்சிட்டு அனுப்புங்க."

"விளக்கம் எழுதினா ஆகாதா சார்?"

"விளக்கத்து மேல இன்னொரு கேள்வி வரும். அதோட கோப்பை மூடிடுவாங்க. ஒரு கோடு போடறதுல என்ன இருக்கு? பேப்பர்ல மட்டும்தானே?"

"பேப்பர்ல மட்டும்தான் சார் அவங்க இருக்காங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குடும்பங்களைக் கேட்காமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சங்க அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். யாராவது அழுதால் என்ன சொல்வது, சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தாள். கப்பல் சமையல்காரரின் மனைவி, குரலைத் தாழ்த்தி, "நான் அவரை விட்டுப் பத்து வருஷமாச்சுக்கா. உங்க லிஸ்ட்ல இன்னும் இருக்காரா?" என்றாள். எலெக்ட்ரீஷியனின் அப்பா, "உனக்கு எது சௌகரியமோ செய்ம்மா" என்றார். இரண்டு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் சண்டை போடவில்லை. இத்தனை வருடமும் எல்லோரும் சேர்ந்து தூக்குகிறோம் என்று நினைத்த பாரத்தைத் தான் மட்டும்தான் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த அறையில் அவள் அவ்வளவு தனியாக என்றுமே இருந்ததில்லை.

பதிவேட்டில் ஸ்கேல் வைத்து இருபத்திரண்டு கோடுகள் போட்டாள். மீதி தம்பி. அவனுக்காக யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? இவளைத் தவிர அவனுக்கு வேறு யார்? பெயரை அடித்தால்தான் அவனைப் பற்றிக் கேட்க முடியும் என்றால், அடித்துத்தான் ஆக வேண்டும். ஸ்கேல் இரண்டு தரம் நழுவியது. நீக்கிய காரணம் என்ற கட்டத்தில், "கூட்டங்களுக்கு வரவில்லை" என்று எழுதினாள். எழுதிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

குழு கூடிய அன்று டைப்பிங் கடை முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடைக் கம்ப்யூட்டரில் நேரடி ஒளிபரப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தைய சங்கத்துக்கு ஒரு கேள்வி வந்து, அது தள்ளிப் போனது. அடுத்து இவர்கள் சங்கத்தின் பெயர். உறுப்பினர் இருபத்துமூன்று என்று வாசித்தார்கள். யாருக்காவது கேள்வி உண்டா என்றார் குழுத் தலைவர். கொடி நாட்டுக்காரர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுத்தியல் மேசையில் தட்டியது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உடனே போன் அடித்தது. வக்கீல்தான்.

"சபாஷ் பெரியக்கா! ஜெயிச்சிட்டீங்க! ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலை, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்," என்றாள்.

போன கூட்டத்தில் பட்டியலில் இருந்த இருபத்துமூன்று பேர் இந்தக் கூட்டத்துக்குள் எங்கே போனார்கள் என்று ஒரு நாடாவது கேட்கும் என்றுதான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.