படப்பை வீட்டுக்கு ஒரு தனிவழி

இளம்பரிதிக்குச் சொந்த ஊர் வடக்குப்பட்டு. டிப்ளமோ முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். பொறுமைக்காரர். ஒரு மெஷின் ஓடவில்லை என்றால், ஏன் ஓடவில்லை என்று தெரியும்வரை அதன் முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டார்.

மனைவி இசக்கிசெல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். அதே கம்பெனியில் வயர் கட்டும் லைனுக்கு வந்தவள். கேன்டீனில் பழக்கமாகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாமியார் கங்கம்மாள் வெகுநாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு செல்வி வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு மகனை விட்டுவிட்டு மருமகளோடுதான் பேச்சு. படப்பையில் வீடு கட்டிக் குடிவந்த கொஞ்ச நாளில் செல்வியின் விரல்களிலிருந்து வயர் நழுவத் தொடங்கியது. தூக்கமில்லை, சத்தில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் போனது. சென்னையில் பெரிய டாக்டர் பார்த்துச் சொன்னார்: தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது.

கால் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, இப்படிப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பகல் முழுவதும் இருப்பேன். முதல் நாளே இளம்பரிதி என்னிடம் ஒன்று கேட்டார். எத்தனை நாள் இருப்பாள் என்று எல்லோரும் கேட்பார்கள். இவர் அதைக் கேட்கவில்லை.

"அவ போறப்போ நான் பாத்துக்கினு இருக்கணும் சிஸ்டரம்மா. வேலைய வுட்டா வைத்தியம் நின்னுடும். வேலைக்குப் போனா அவ பக்கத்துல நான் இல்ல. இதுக்கு இன்னா வழி?"

வழியை அவரே கண்டுபிடித்தார். அந்த வருடம்தான் படப்பைக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. கட்டிலுக்கு எதிரே இடுப்பளவு உயரமான பீரோவின் மேல் ஒரு சின்னக் கேமராவை வைத்து, பக்கத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டரோடு இணைத்தார். கம்பெனியில் அவர் மேஜையிலிருந்து இந்த அறை தெரிய வேண்டும். கூட வேலை பார்க்கும் கொம்பையா, இதற்கு இவ்வளவு பாடு எதற்கு, கேமராவை அப்படியே நெட்டில் திறந்துவிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார். இளம்பரிதி ஒத்துக்கொள்ளவில்லை. கிழிசல் நைட்டியோடு, மூக்கில் குழாயோடு கிடப்பவளை முன்பின் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ பார்த்துவிடக் கூடாது. அதனால் விபிஎன் என்ற ஒன்றைப் போட்டார். எனக்கும் செல்விக்கும் சேர்த்தே விளக்கினார்: எல்லோரும் போகிற ரோடுதான், ஆனால் நம் வண்டிக்கு மட்டும் கூண்டு போட்டுப் பூட்டியிருக்கிறது, ஒரு சாவி இங்கே, ஒரு சாவி அங்கே. மேலாளர் தணிகாசலம் நல்ல மனிதர், அனுமதி கொடுத்தார்.

உடனே வேலை செய்துவிடவில்லை. கரண்ட் போய் வந்தால் வீட்டு இணைப்பின் முகவரி மாறிவிடும். அங்கிருந்து தேடினால் வீடே காணாமல் போயிருக்கும். அதைச் சரிசெய்தால் அடுத்தது. வீட்டு மெஷின்களுக்கும் கம்பெனி மெஷின்களுக்கும் உள்ளே ஒரே மாதிரி எண்கள் இருந்ததால், வீட்டுக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் கம்பெனிக் கிடங்கில் இருந்த பிரிண்டர் பதில் சொன்னது. செல்விக்கு அப்போது நாக்கு பாதிதான் புரளும். ஆனாலும் சொன்னாள்: "அந்தப் பிரிண்டரையே கெட்டியிருக்கலாம்லா நீங்க. சோறும் ஊட்டாண்டாம்." சிரித்ததில் புரை ஏறி, நான் அவளை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டியதாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டு எண்களை எல்லாம் மாற்றினார்.

மறுநாள் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அங்கே திறந்து பார்க்கும்போது மட்டும் எரியும்படி வைத்திருந்தார். யாரும் தனக்குத் தெரியாமல் தன்னைப் பார்க்கக் கூடாது என்று செல்வி கேட்டிருந்தாளாம். உடம்பு துடைக்கும்போது நான் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். மற்ற நேரத்தில் விளக்கு எரிந்தால் அவள் கண் அங்கே போகும். பேச்சு முழுதாக நின்றுபோன பிறகு அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். டீ நேரத்தில் எரியும், சாப்பாட்டு நேரத்தில் எரியும், சில நாள் காரணமே இல்லாமல் எரியும். எரிந்தால் அன்றைக்குக் கஞ்சி சிக்கலில்லாமல் இறங்கும். அதனால் எனக்கும் அது வேண்டியிருந்தது.

ஐப்பசி பிறக்கக் கொஞ்ச நாளே இருந்தபோது ஆயுதபூஜை வந்தது. அந்த வாரம் செல்வியின் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. இனி அதிக நாள் இல்லை என்று இளம்பரிதியிடம் நேராகவே சொன்னேன். லீவு கேட்டார். ஆனால் லைன் எல்லாம் நிற்பது அந்த ஒரு நாள்தான். கிடங்குக் கம்ப்யூட்டர்களை மாற்ற வேறு நாள் கிடையாது. மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போ, அதற்குப் பிறகு பத்து நாள் வராதே என்று தணிகாசலம் சொல்லியிருந்தார். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி அது.

காலையில் கங்கம்மாள் தலைக்குக் குளித்து, சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்தில் அன்றைக்கு லாரிக்கும் பொட்டு, தையல் மெஷினுக்கும் பொட்டு. நெட் வரும் மோடத்துக்கு வைத்தார், கம்ப்யூட்டருக்கு வைத்தார். சளி உறிஞ்சும் மெஷினுக்கு வைத்ததை மட்டும் நான் துடைத்தேன். அது நோயாளியின் வாயருகே போவது. "மருமவளுக்கு மூச்சு குடுக்கறதே இதுங்கதான், இதுங்களுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது" என்றார். பிறகு நான் சமையலறையில் கஞ்சி காய்ச்சப் போனேன்.

மதியத்துக்கு முன்பே செல்விக்கு மூச்சு தடுமாறத் தொடங்கியது. கம்பெனிக்குப் போன் போடச் சொல்லி கங்கம்மாளைக் கூடத்துக்கு அனுப்பினேன். பூஜை நாள், டெலிபோன் போர்டில் ஆளில்லை. வெகுநேரம் கழித்து செக்யூரிட்டி ஒருவர் எடுத்து, ஆளனுப்பிச் சொல்கிறேன் என்றார். நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று செல்வியின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவள் கண் என் தோளைத் தாண்டிப் போனது. விளக்கு எரிகிறது என்று தெரிந்தது.

"பாக்கறாரும்மா. உன்னத்தான் பாக்கறாரு" என்றேன்.

கண் அங்கேயே நின்றது. பிறகு என்னிடம் வந்தது, மறுபடி அங்கே போனது, மறுபடி என்னிடம் வந்தது. விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று புரிந்துகொண்டேன். ஏன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை. கடைசியில் கண் அந்தப் பக்கம் போய், திரும்பி வரவில்லை. பெருமூச்சுகூட இல்லை. இந்த நோயில் அப்படித்தான், சத்தமில்லாமல் நின்றுவிடும். நாடியைப் பார்த்தேன். கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்ட வெள்ளைத் துணி தேடினேன்.

இளம்பரிதி வந்தபோது ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காயில் வண்டி சறுக்கி முட்டி கிழிந்திருந்தது. வாசலில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். உள்ளே வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"லைட்டு எரிஞ்சுதா?"

எரிந்தது என்றேன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னேன்.

அவர் திரும்பி பீரோவின் மேல் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். கேமராவின் முகத்தில் நடு இடம் எதுவோ அங்கே, கண்ணாடியின் மேல், சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அழகாக வட்டமாக வைத்திருந்தது. நெற்றிக்கு வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து வைத்த பொட்டு.

கம்பெனியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கலங்கல். இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறார். துண்டித்துச் சேர்த்தார், மறுபடி துண்டித்துச் சேர்த்தார். காரணம் தெரியாமல் எழுந்திருக்காத மனிதர். செக்யூரிட்டி அனுப்பிய ஆள் வந்து தோளைத் தொட்டபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாராம். இதைக் கொம்பையா பிறகு சொன்னார்.

கங்கம்மாள் ஓவென்று அழுதுகொண்டே உள்ளே வந்து மகனின் சட்டையைப் பிடித்தார்.

"போறப்போ பாக்கணும் பாக்கணும்னு கெடந்தியேடா. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில பாத்தியா? என் மருமவள பாத்தியாடா?"

இளம்பரிதி அம்மாவுக்கும் பீரோவுக்கும் நடுவே நகர்ந்து நின்றார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தடவிப் பார்த்து, கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"பாத்தேம்மா" என்றார். "கூடவே இருந்தேன்."

கங்கம்மாள் தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மருமகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். இளம்பரிதி குங்குமம் ஒட்டிய கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவைக்கச் சொன்னேன். போய் எடுத்துவைத்தார்.