ஓட்டை இல்லாத ஈயம்

குழல் வாயாலை வெடிமருந்து இடிச்சுச் சுடுற துவக்கைச் சோதிக்கிற தொழிலிலை முதல் கிழமையே ஒண்டு விளங்கும்: பிழை அனேகமாத் துவக்கிலை இருக்காது, ஆனால் துவக்கு வாங்கினவர் அதைச் சாகுமட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு "ஓம் சேர், நீங்கள் சொல்லுறது சரிதான் சேர்" எண்டு பல்லைக் கடிச்ச என்ரை சக துன்பசாலிகளே, டோனற் கடையெண்டாலும் துவக்குக் கடையெண்டாலும் எங்கடை தலையெழுத்து ஒண்டுதான். தொண்ணூறுகளின்ரை நடுவிலை நான் கனடாவிலை, மோர்னிங்சைட் எண்ட இடத்திலை இருந்தன். அஜக்சுக்கு வடக்கை, தோட்டக் காணியளுக்கு நடுவிலை, வேட்டைச் சாமான் விக்கிற கடை ஒண்டிலை வேலை. வேலை பிடிச்சுக் குடுக்கிற ஏஜென்சிக்காரன் அனுப்பினது பெட்டி தூக்கத்தான். முதலாளி வோல்ரர் எண்ட கிழவனுக்குத் தோள்மூட்டிலை ஒப்பரேசன், துவக்கின்ரை உதையைத் தாங்க ஏலாது. என்ரை கையெழுத்தைப் பாத்திட்டு, "நீ ஆடாமல் அசையாமல் இருப்பியோ?" எண்டு கேட்டான். நான் ஓமெண்டன். வகுப்புக்கு அனுப்பி, சோதினை எழுத வைச்சு, துவக்குப் பிடிக்கிற பேமிற்றும் எடுத்துத் தந்தான்.

வன்னிக் காட்டிலை பண்டி சுடுற இடியன் துவக்குத் தெரியும்தானே? அதின்ரை கனடாப் பேரன்தான் இந்தத் துவக்கு. பாக்கப் புத்தம்புதிசு, ஆனால் மருந்தும் குண்டும் ஒவ்வொரு முறையும் குழல் வாயாலைதான் போகவேணும். பாரமான ஈயக்குண்டுக்கு எவ்வளவு மருந்து ஒத்துவரும் எண்டு, மேசையிலை துவக்கை வைச்சு, நூறு யார் தூரம் தள்ளியிருக்கிற கடதாசிக்கு மூண்டு மூண்டு வெடியாச் சுட்டுக் கொப்பியிலை எழுதுறதுதான் என்ரை வேலை. மருந்துப் புகையின்ரை கூழ்முட்டை மணம் வேறை. அது சட்டையிலையும் தலைமயிரிலையும் ஏறினால் மூண்டு முழுக்குக்கும் போகாது.

மாப்பிளைக்கு ஒரு நிபந்தனை

முப்பத்திரண்டு வயசு, தலைமயிரும் கழரத் தொடங்கியிட்டுது. எங்கடை மாடியிலை இருந்த கலா அன்ரி பாவம் பாத்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. பொம்பிளை சுகந்தி. தகப்பனோடை அஜக்சிலை புது வீடு, தாய் இல்லை. ஒரு கலியாண வீட்டிலை சுகந்தியை ஏற்கனவே கண்டிருந்தன். பாயாசம் சட்டையிலை ஊத்துப்பட்டதுக்குத் தன்னைத்தானே பேசிச் சிரிச்சுக்கொண்டு நிண்டது. உண்மையைச் சொல்லுறன், அண்டையிலிருந்து எனக்கு வேறை ஒருத்தியும் வேண்டாம்.

"பெடியன் என்ன வேலை எண்டு கேட்டினம், நான் குவாலிற்றி கொன்ரோல் எண்டு சொல்லிப்போட்டன்" எண்டா அன்ரி. அதுகூட நான் அவவுக்குச் சொல்லி வைச்சதுதான். தகப்பனுக்குச் சாதகமும் பெரிசில்லையாம், சீதனப் பேச்சும் இல்லையாம், ஒரேயொரு நிபந்தனையாம். ஊரிலை துவக்கைக் கண்டால் வேலி பாய்ஞ்சு ஓடின நான், கனடாவுக்கு வந்து துவக்காலை சோறு தின்னுறன். அந்த நேரம் பாத்து அன்ரி தகப்பன் சொன்னதை அச்சொட்டா ஒப்புவிச்சா:

"பெடியன் கோப்பை கழுவினாலும் பரவாயில்லை, துவக்குத் தொட்டவனா மட்டும் இருக்கக்கூடாது."

பிறம்ரன் லொறிக்காரர்

வாடிக்கையாளர் சொன்னதெல்லாம் இங்கிலிசிலை. நான் தமிழிலை தாறன், ஒரு சொல்லும் கூட்டேல்லை. பிறம்ரனிலை லொறி ஓடுற மனுசன் ஒருத்தர் கடையிலை இருக்கிறதுக்குள்ளையே ஆகப் பாரமான குண்டை எடுத்தார். அதுக்கு மருந்தும் ஆகக் கூடப் போடவேணுமாம். "சேர், பாரமான குண்டுக்கு நிதானமான மருந்துதான் நேராப் போகும், நான் சுட்டுப் பாத்துக் கொப்பியிலை எழுதியிருக்கிறன்" எண்டன். கொப்பி எழுதுறவனுக்கு என்ன தெரியும் எண்ட மாதிரி என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

கிழவன் "புத்தகத்திலை போட்ட எல்லை மட்டும் சுட்டுக் காட்டு" எண்டிட்டான். உதை வாங்குறது ஆற்றை தோள்? என்ரை தோள்! எல்லைக்குக் கிட்டப் போகப்போக, எரியாத மருந்து குழலுக்கு முன்னாலை பனியிலை மிளகுத்தூள் மாதிரிக் கொட்டுண்டு கிடந்தது. அதைக் கையாலை கூட்டியும் காட்டினன். கடதாசியிலை மூண்டு ஓட்டையும் மூண்டு ஊரிலை. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு எண்டதை இங்கிலிசிலை சொல்லத் தெரியாமல் நான் தோளைத் தடவிக்கொண்டு நிக்க, மனுசன் கடதாசியைச் சுருட்டிக் குப்பை வாளிக்கை போட்டிட்டுச் சொன்னார்:

"மான் கடதாசி வாசிக்கிறேல்லை, நண்பா."

மருந்தில்லாமல் சுட்டவர்

இன்னொரு மனுசன் கதவைத் தள்ளின வேகத்திலை மணி அறுந்து விழுந்தது. நான் வித்த கேப்புப் பெட்டி முழுக்கப் பழுதாம். அந்தக் கேப்புத்தான் நெருப்புப் பொறி குடுக்கிற சின்ன மூடி. பத்துப் பன்னிரண்டு வைச்சுத் தட்டினாராம், "டிக் டிக்" எண்டுதாம், துவக்கு வெடிக்கேல்லையாம், முன்னாலை நிண்ட மான் தன்னைப் பாத்துக்கொண்டே புல்லுத் திண்டுதாம். காசைத் திருப்பித் தா எண்டு மேசையிலை குத்தினார்.

துவக்கைக் கொண்டுபோய், நுனியிலை திருகாணி பூட்டின கம்பியைக் குழலுக்குள்ளை விட்டு, குண்டிலை திருகி ஏத்தி, ஒரு மணித்தியாலம் இழுத்தன். லொறிக்காரர் உதைப்பிச்ச அதே தோளாலை இழுத்தன். குண்டு நடுவிலை ஓட்டையோடை வெளியிலை வந்தது. அதுக்குப் பின்னாலை ஒண்டும் வரேல்லை. மருந்து ஒரு துளியும் இல்லை! சட்டியிலை இருந்தால்தானே அகப்பையிலை வரும்? மனுசன் மருந்து போட மறந்து குண்டை மட்டும் இடிச்சிருக்கிறார். நான் குழலைக் கவிட்டுக் காட்டினன். மனுசன் தொண்டையைச் செருமினார், கூரையைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்து:

"நான் பாதுகாப்பை யோசிச்சுத்தான் போடேல்லை."

தராசோடை வந்த பல் வைத்தியர்

இந்த மருந்து கொஞ்சம் வில்லங்கமானது. கறுப்பு மருந்துக்குப் பதிலா வந்தது, பாரம் குறைஞ்சது. தராசிலை நிறுக்கக்கூடாது, பித்தளைச் சுண்டாலை, அதுதான் சின்ன அளவுப்பேணியாலை, அளக்கவேணும். அரிசியைச் சுண்டாலை அளந்த சாதிக்கு இது சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. பல் வைத்தியர் ஒருத்தருக்கு விளங்கப்படுத்த என்ரை ஒரு சனிக்கிழமை முழுக்கப் போட்டுது.

மனுசன் கண்ணாடிப் பெட்டியிலை வைச்ச எலெக்ரோனிக் தராசோடை வந்திட்டார். சுண்டிலை எழுதியிருக்கிற இலக்கத்தைத் தராசிலை நிறுத்து, அந்தக் குவியலைக் குழலுக்கை ஊத்தப் போறார். நான் எட்டி மறிச்சன். குவியலை வாங்கிச் சுண்டிலை ஊத்திக் காட்டினன், வழிஞ்சு மேசையெல்லாம் கொட்டுண்டது. "பாத்தியளோ, எவ்வளவு கூட எண்டு? துவக்கும் போகும், உங்கடை மூஞ்சையும் போகும்" எண்டு, அவற்றை கையிலை இருந்த குண்டையும் பறிச்சு என்ரை ஜக்கற் பொக்கற்றுக்கை போட்டன். குண்டு கையிலை இருந்தால்தானே இடிப்பார்? மனுசன் கோவிச்சுக்கொண்டு தராசை ஒரு பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். வாசலிலை திரும்பி நிண்டு ஒரு சொல்லு:

"இருவது வருசமா நான் அளந்து போட்ட விறைப்பூசிக்கு ஒருத்தரும் வாய் திறந்து முறைப்பாடு சொன்னதில்லை."

அஜக்சிலை ஒரு தேத்தண்ணி

அடுத்த நாள் ஞாயிறு, பொம்பிளை பாக்கப் போகவேணும். எலுமிச்சம்பழம் போட்டுத் தோய்ஞ்சு, நகத்துக்குள்ளை இருந்த கறுப்பைப் பிரஸ்ஸாலை தேய்ச்சு, நெஞ்சு முழுக்கப் பவுடரும் அடிச்சன். எல்லாம் செய்தன், ஆனால் குளிருக்குப் போடுறதுக்கு என்னட்டை இருந்தது அந்த ஒரே ஜக்கற்.

சுகந்தி தேத்தண்ணி கொண்டுவந்தது. நொந்த தோளாலை கையை நீட்ட ஏலாமல், தேத்தண்ணி கோப்பைத் தட்டிலை தளம்பிச்சுது. "வெக்கப்படுறார்" எண்டா கலா அன்ரி. நானும் வெக்கம்தான் எண்டு இருந்திட்டன். பிறகு வேர்வையைத் துடைக்க ஜக்கற் பொக்கற்றிலை இருந்த லேஞ்சியை இழுத்தன். கறுமம்! "ணங்" எண்டு பல் வைத்தியரின்ரை குண்டு புது மரத்தரையிலை விழுந்து, உருண்டு, சரியாப் போய்த் தகப்பன்ரை செருப்படியிலை நிண்டுது.

அங்கிள் குனிஞ்சு எடுத்து உள்ளங்கையிலை தூக்கிப் பாத்தார். "என்ன தம்பி இது, சரியான பாரமாக் கிடக்கு?" என்ரை வாய் என்னைக் கேக்காமலே சொல்லிச்சுது: "மீன்பிடிக்கிற ஈயம் அங்கிள். தூண்டிலிலை கட்டுறது." எங்கடை சனத்துக்கு மீன் எண்டால் அடுத்த விசாரணை சாதிதான். கலா அன்ரி அந்தரப்பட்டு, "சும்மா பொழுதுபோக்குக்குத்தான், லேக்கிலை" எண்டு இடையிலை விழுந்தா. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சிட்டன் எண்டு மூச்சு விட்டன். அந்த மருந்தில்லாதவரின்ரை குண்டு எண்டாலும் திருகாணி ஓட்டையோடை இருந்திருக்கும், எனக்கு அந்த அதிட்டமும் இல்லை. அங்கிள் கண்ணாடியைப் போட்டு, குண்டை லைற்றுக்குக் கீழை பிடிச்சு, சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு ஆறுதலாக் கேட்டார்:

"உது தூண்டிலிலை கட்டுறதெண்டால் நூல் கொழுவுற ஓட்டை எங்கை தம்பி?"

கவுண்டருக்கு அங்காலை

அந்தக் கிழமை ஒரு பதிலும் வரேல்லை. அன்ரி போன் எடுத்தால், "யோசிக்கிறம்" எண்டு வைச்சிடுகினமாம். எனக்குச் சோறு இறங்கேல்லை. ஒரு பொய்யாலை ஒரு நல்ல பிள்ளையை இழக்கப்போறன் எண்டு என்னையே திட்டிக்கொண்டு திரிஞ்சன்.

சனிக்கிழமை கடை மணி அடிச்சது, நிமிர்ந்து பாக்கிறன், அங்கிள்! கையிலை அதே குண்டு, லேஞ்சியிலை சுத்தி. உது என்ன சாமான் எண்டு கேக்க, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வேட்டைக் கடைக்கு வந்திருக்கிறார். என்னைக் கண்ட உடனை வாசலிலையே நிண்டிட்டார். வோல்ரர் கிழவன் சும்மா இருந்தானோ? பின்னாலை இருந்து ஓடிவந்து, "குண்டைப் பற்றி இவனைக் கேளுங்கோ. நாலு வருசமா இவன்தான் சுடுறான், இவனை மாதிரி ஒருத்தன் இல்லை" எண்டு என்ரை முதுகிலை தட்டினான். நான் விரிச்சு வைச்சிருந்த கொப்பியை மூடினன்.

"ஊரிலையும் சுட்டனீரோ?" எண்டார் அங்கிள்.

"ஊரிலை கல்லடிக்கிற கெற்றப்போல் கூடத் தொடேல்லை அங்கிள். இஞ்சையும் கடதாசிக்குத்தான் சுடுறன். சாமி சத்தியமா."

அங்கிள் லேஞ்சியை அவிட்டுக் குண்டைக் கவுண்டரிலை வைச்சார். பிறகு சொன்னார்: "என்ரை மூத்தவன் ரியூசனுக்குப் போறன் எண்டு சொல்லித்தான் சைக்கிளை எடுத்தவன். இயக்கத்துக்குப் போயிட்டான் எண்டு ஆரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து தந்தாங்கள். துவக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், தம்பி. எனக்கு உந்தப் பொய்தான் பயம்."

எனக்கு அழுகை வந்திட்டுது. நான் மறைக்கேல்லை. "இண்டைக்கு விடிஞ்சாப் பிறகு என்ன செய்தனீர்? உள்ளதைச் சொல்லும்" எண்டார். கொப்பியைத் திறந்து வாசிச்சன். எத்தினை வெடி, எந்தக் குண்டு, எது நேராப் போனது, எது சரிஞ்சு போனது, எங்கை நான் மூச்சை இழுத்துக் கெடுத்தன், எல்லாம் வாசிச்சன். தோளிலை நீலம் பாரிச்ச கண்டலையும் காட்டினன். பல் வைத்தியரின்ரை கதையையும் சொன்னன். ஒரு வரி விடாமல் கேட்டார். ஒரு சொல்லும் விளங்காத வோல்ரர், "ஆளுக்கு எந்தத் துவக்கு வேணுமாம்?" எண்டு நடுவிலை பெரிய கரைச்சல்.

அங்கிள் குண்டைத் திரும்ப லேஞ்சியிலை சுத்தித் தன்ரை பொக்கற்றிலை வைச்சார். கதவடியிலை நிண்டு, என்னைப் பாக்காமல்:

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாரும். வரேக்கை பொக்கற்றைத் தட்டிப்போட்டு வாரும்."

இப்ப அந்தக் குண்டு மாமாவின்ரை மேசையிலை கடதாசி பறக்காமல் வைக்கிற பாரமா இருக்கு, ஆர் வந்து கேட்டாலும் மாமா "மருமோன் மீன்பிடிக்கிற ஈயம்" எண்டுதான் சொல்லுறார், அதுக்குத் தோதா ஒரு ஓட்டையும் துளைச்சு வைச்சிருக்கிறார்.