யாரும் ருசி பார்க்காத இறைச்சி

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் சரியாகத் தெரியாது. ஹோட்டல் சமையல் பழகும் பிள்ளைகளுக்கு அனுபவம் சொல்ல வாங்க என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேர் முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் ஊர் மருதமுனை. வேலை பொத்துவில் பக்கம், அலையில் பலகை ஓட்ட வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கடலோரம் கட்டிய ஒரு ஐரிஷ் பப்பில். பச்சைக் கதவு, கறுப்புப் பலகைச் சுவர், விரல் உயரத்துக்கு நுரை நிற்கும் கறுப்பு பியர். ஆறு வருஷம் அங்கே கிளாஸ் கழுவினேன். பிறகுதான் பெரிய கோக்கி, அதாவது தலைமைச் சமையல்காரர், என்னை அடுப்புக்கு எடுத்தார். ஊரில் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்குக் கிடாரச் சட்டியில் இறைச்சி ஆக்கிய கை என்று அவருக்குத் தெரியும்.

மெனேஜர் அன்றைக்கே சொன்னார். "ருசி பாக்காத கோக்கி எனக்கு வேணாம். சாப்பாடு வெளிய போக முதல் வாயில வச்சுப் பாக்கணும். விளங்குதா?"

நான் தலையை ஆட்டினேன்.

அந்த அடுப்பில் பாதிச் சாப்பாட்டில் பியர் விழும். பொரிக்கிற மீனுக்கு மா கரைப்பதே பியரில்தான். மாட்டிறைச்சி ஸ்டூ கறுப்பு பியரில் மூன்று மணித்தியாலம் வேகும். மது எங்கள் மார்க்கத்தில் ஹராம், அதையெல்லாம் நான் வாயில் வைக்க மாட்டேன். ஆக்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. வேறு வேலை கிடைத்திருந்தால் கேட்டிருப்பேன்.

என் பக்கத்து அடுப்பில் சிவலிங்கம் நின்றான். விநாயகபுரத்து மீன்பிடிக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவன், அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான். பியர் சேர்ந்தது எதற்கும் நான் உப்புப் போடுவதில்லை. அவன்தான் ருசி பார்த்துப் போடுவான். "நீங்க சொர்க்கத்துக்குப் போற ஆள் காக்கா, தள்ளுங்க, நான் பாக்கன்" என்று சிரித்துக்கொண்டு கரண்டியை வாங்குவான். ஆனால் மாட்டிறைச்சியை அவன் தொடமாட்டான். ஸ்டூவை மட்டும் பெரிய கோக்கி ருசி பார்ப்பார். இப்படி மூன்று பேருமாக மெனேஜருக்குத் தெரியாமல் சமாளித்துக்கொண்டு இருந்தோம்.

போன சீசனின் கடைசி வாரம். ஒரு கூட்டம் நாற்பது பேர் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்துப் பெரிய கோக்கிக்குக் காய்ச்சல். அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஸ்டூ என் பொறுப்பில் வந்தது. சிவலிங்கம் ருசி பார்க்க மாட்டான், நானும் மாட்டேன். கந்தூரி நினைவில் கைக்கணக்காக உப்புப் போட்டுக் கிண்டினேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல, ஸ்டோர் ரூமுக்குத் தொழப் போனேன். பியர் சட்டிக்குக் காக்கா உப்புப் போடுவதில்லையே என்று அவனும் தன் கைக்கணக்கில் போட்டிருக்கிறான். நான் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

வெளியே பாட்டு, சிரிப்பு, கிளாஸ் முட்டும் சத்தம். முதலில் போன பிளேட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. வெயிட்டர் பையன் தலையை நீட்டினான். "என்ன காக்கா, கடல் தண்ணியிலயா ஆக்கின? பியர் பியர் எண்டு கேக்காங்க, இறைச்சியத் தொடுறாங்க இல்ல."

பின்னாலேயே மெனேஜர் ஒரு பிளேட்டோடு வந்தார்.

"ஆரு ருசி பாத்த?"

சிவலிங்கம் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"நான்தான் சேர்."

"பாத்துட்டா அனுப்பின?"

"ஓம் சேர். உப்புப் போதும் போல இருந்திச்சு."

"அப்ப இந்தா. என்ட முன்னால இன்னொருக்காப் பாரு."

பிளேட்டை மேசையில் வைத்தார். அவன் மாடு தின்னமாட்டான் என்று மெனேஜருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல நான்கு சொல் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஒரு துண்டை வாயில் வைத்தான். மென்றான். "இன்னும்" என்றார் மெனேஜர். இன்னொரு துண்டு. அதையும் விழுங்கினான்.

"உப்புக் கூடத்தான் சேர். என்ட பிழை."

"நாளைக்கு வராத."

ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். வெறும் போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து விழுங்கியதைச் சத்தி எடுத்தான். தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

"போங்க காக்கா. ரெண்டு பேரும் வேலையில்லாம நிண்டு என்ன செய்ற? மீன் கருகப் போகுது."

போனேன். முப்பது பிளேட் மீன் பொரித்தேன்.

அடுத்த கிழமை விநாயகபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அவன் உள்ளே படுத்திருந்தான், வெளியே வரவில்லை. அவன் பெண்சாதிதான் கேட்டடியில் நின்று கதைத்தா. "ஆரோடயும் கதைக்காரில்ல. கோயில் வாசலுக்கும் போறாரில்ல. கேட்டா, நான் போக ஒண்ணாத ஆள் எண்டுறார். அங்க என்ன காக்கா நடந்த?"

"வேலையில சின்னப் பிரச்சினை புள்ள" என்றேன். அங்கேயும் அவ்வளவுதான் வந்தது.

நான் இன்னும் அதே அடுப்பில் நிற்கிறேன். இப்போது வேறொருவன் எனக்காக ருசி பார்க்கிறான்.

பிள்ளைகளே, உங்களால் வாயில் வைக்க முடியாதது எதுவோ, அதை முதல் நாளே மெனேஜர் முன்னால் சத்தமாகச் சொல்லுங்கள். அன்று போனால் உங்கள் வேலை மட்டும்தான் போகும். பிந்திவிட்டால் உங்களுக்காக இன்னொருவன் எதை விழுங்க வேண்டி வரும் என்று தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த பிறகும் மெனேஜரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.