ஞானராஜுக்கு ஹைட் போறாது

நேற்று செம்பூர் வீட்டில் பேரனோடு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒரு வேகப்பந்து வீச்சாளனின் பெயரைச் சொல்வதற்கு முன்பே வர்ணனையாளர் அவன் உயரத்தைச் சொன்னார். "ஹைட் இருந்தாத்தான் தாத்தா ஃபாஸ்ட் போலர்" என்றான் பேரன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டிவியை அணைத்துவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்!

கோபத்தோடு ஒரு வாசனையும் வந்தது, நம்புங்கள். தண்ணீர் தெளித்த கயிற்றுப்பாயின் வாசனை. அறுபதுகளில் எங்கள் கம்பெனி அணி அந்தப் பாய் விரித்த பிட்சில்தான் ஆடும். நான் மாட்டுங்காவிலிருந்து போய்வந்த குமாஸ்தா. பேட்டிங் சுமார், பந்துவீச்சு பூஜ்யம். ஆனாலும் அணியில் இருந்தேன். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தேனே!

ஞானராஜ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீடு, தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த லேபர் கேம்ப்பில். பெற்றோர் நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் தோளுக்குத்தான் இருப்பான். ஓடி வந்து கையைச் சுழற்றினால் பந்து பாயில் பட்டு வழுக்கிக்கொண்டு நேரே ஸ்டம்புக்குப் போகும். உயரமானவர்கள் போட்டதோ எகிறி ஸ்டம்புக்கு மேலே போய்விடும். இதைப் பார்க்கக் கண் இருந்தால் போதாதா?

தேர்வன்று அணிச் செயலாளரையே கிளீன் போல்டு செய்தான். அவர் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே, "நன்னாத்தான் போடறே. ஆனா ஹைட் போறாதேப்பா. நெட்ல வந்து போடு, எங்களுக்குப் பிராக்டிஸ் ஆகும்" என்றார்.

"ஸ்டம்பு என்ன ஆறடியா சார் இருக்கு?" என்று கேட்டான் ஞானராஜ்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவனும் ஆசையை விடமுடியாமல் ஷிஃப்ட் முடிந்ததும் வந்து நெட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் எங்கள் வேகப்பந்து வீச்சாளனுக்குக் கால் பிசகிவிட்டது. "ஞானராஜ் வந்திருக்கான் சார், சேர்த்துக்கலாம்" என்று கெஞ்சினேன். செயலாளர் பந்தை என் கையில் திணித்தார்.

"நீ ஆறடி இருக்கே. கையைத் தூக்கிப் போடு, போறும்."

"எனக்குப் போடவே வராது சார்!"

"வரும், வரும்."

வரவில்லை. முதல் பந்து விக்கெட் கீப்பரின் தலைக்கு மேலே பறந்து எல்லைக்குப் போனது. அடுத்ததைப் பக்கத்துக் காம்பவுண்டில் தேடி எடுத்தார்கள். தோற்றோம். ஞானராஜ் வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து அவன் நெட்டுக்கு வரவில்லை. செயலாளர் என்னையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கே போனார்.

"ஏம்ப்பா வரலை?"

"நெட்டுக்கு மட்டும் என் ஒசரம் போதுமாக்கும்?" என்றான் ஞானராஜ். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"திமிர் பிடிச்சவன்" என்றார் செயலாளர், வெளியே வந்ததும். யாருக்குத் திமிர்? அதை அப்போதே அவரிடம் கத்திக் கேட்டேன். அடுத்த வருடம் அணியில் நானும் இல்லை. அது போகட்டும், அணிக்கு நஷ்டமில்லை. ஆனால் ஞானராஜை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை.

அவன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. கம்பெனி இல்லை, மைதானமும் இல்லை. அணி ஆடிய ஆட்டங்களின் ஸ்கோராவது யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கலாம். நெட்டில் எடுத்த விக்கெட்டை யார் எழுதிவைக்கிறார்கள்? அந்தப் பந்துகளைப் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.