ஈஸ்டருக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் சவரி, தன் நாற்பத்தெட்டு வயதுக்குள் இருபது முறையாவது இளைத்திருப்பார். இருபது முறையும் தவக்காலத்தில். சாம்பல் புதன் அன்று தொடங்கினால் ஈஸ்டர் விடியும் வரை மீனும் கறியும் வாயில் படாது. இரவுச் சாப்பாடும் கிடையாது. நாலைந்து கிலோ இறங்கும். பிறகு ஈஸ்டர் பிரியாணி. வைகாசி பிறப்பதற்குள் இறங்கியதெல்லாம் கூடுதலாக ஒரு கிலோவையும் அழைத்துக்கொண்டு திரும்பிவிடும். ஊரில் அவரை மன உறுதிக்காரர் என்றார்கள். அவரும் அதை நம்பினார்.

போன மழைக்காலத்தில் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. பரிசல் ஆற்றோட்டத்தோடு போய்விடும், திரும்பி வராது. ஆட்களை இறக்கிவிட்டு, அதைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து, பாறை ஏறிப் புறப்பட்ட துறைக்கே கொண்டுவர வேண்டும். துடுப்புப் போடுவதைவிடக் கடினமான வேலை அதுதான். ஒருநாள் பாதி ஏற்றத்தில் சவரியின் முட்டி மடங்கியது. பரிசல் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அன்றிலிருந்து கூட்டாளி மாதையன் தன் பரிசலை மேலே வைத்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து இவருடையதையும் சுமந்தார்.

"நீ ஏறி உக்காந்தாலே ரெண்டு டிக்கெட்டு ஆயிடுது மாப்ள" என்று சிரிப்பார் மாதையன். ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்: "ஆடி பொறந்தா நான் ஓசூருக்கு, மவ வூட்டோட போயிடறேன். அப்புறம் உன்னுத யாரு தூக்குவா? வித்துடறியா?"

பரிசலை விற்றுவிட்டு என்ன செய்வது என்று சவரிக்குத் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்சு பானுமதி எடை பார்த்தார். தொண்ணூற்றாறு.

"தவக்காலம் வருதுங்க. எறக்கிடுவேன்."

"அப்புறம்?" என்றார் பானுமதி, முட்டி வலிக்கு ஊசியை எடுத்துக்கொண்டே.

அந்த ஒரு சொல் சவரியோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வருடத் தவக்காலத்தில் அவர் தன்னையே கவனித்துப் பார்த்தார். காலையில் எழுந்ததும் கண் காலண்டருக்குத்தான் போனது. இன்னும் இருபத்திரண்டு நாள், இன்னும் பத்தொன்பது நாள். கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும் பிரியாணி வாசனை அடித்தது. பட்டினி கிடந்த நாளெல்லாம் அவர் மனத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடவுளுக்கு அது தவமாக இருக்கலாம். உடம்புக்கு அது வெறும் காத்திருப்பு.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாளைக்கு எட்டு நடை ஓட்டிய காலத்தில் இரண்டு களி உருண்டை தின்றார். இப்போது பரிசல்கள் பெருகி, முறை வருவதே இரண்டு நடைதான். உருண்டை மட்டும் இரண்டாகவே நின்றது. மீதி நேரமெல்லாம் கரையில், மனைவி ஆரோக்கியம்மாள் சுற்றுலாக்காரர்களுக்கு மீன் வறுத்துத் தரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வறுத்த மீனில் அவர்கள் பரிசல்காரருக்கு ஒரு துண்டு தருவது அங்கே வழக்கம். மறுத்தால் தந்தவர் முகம் வாடும். பசித்து அந்தத் துண்டைத் தின்றதாக ஒரு நாளும் அவருக்கு நினைவில்லை.

ஈஸ்டர் அன்று திருப்தியாகச் சாப்பிட்டார். திங்களன்று மிச்சத்தைச் சாப்பிட்டார். எந்த விசேஷமும் இல்லாத செவ்வாய்க்கிழமையன்று தொடங்கினார்.

"ஒரு உருண்ட போதும். கீரை இன்னும் கொஞ்சம் போடு."

ஆரோக்கியம்மாள் கரண்டியை நிறுத்தினார். "தவக்காலம் முடிஞ்சு போச்சுங்க."

"முடிஞ்சதாலதான்."

"எத்தன நாளைக்கு?"

"நாளு வெக்கல."

"நாளு வெக்காம என்னா விரதம்?"

"விரதம் இல்ல ஆரோக்கியம். இனிமே சாப்பாடே இதான்."

எதையும் அவர் அறவே விலக்கவில்லை. மீன் உண்டு, குழம்பில் ஒரு துண்டு. டீ உண்டு, சர்க்கரை இல்லாமல். சுற்றுலாக்காரர்களிடம் "வேணாங்க" என்று நேராகச் சொல்ல மட்டும் பதினோரு நாள் பிடித்தது. அதுவரை "இப்பத்தான் சாப்டேன்" என்று பொய் சொன்னார்.

இடையில் மாரண்டஹள்ளியில் உறவுக்காரர் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் எழுந்திருக்க முடியாத அளவுக்குத் தின்றுவிட்டார். பழைய சவரியாக இருந்தால், சரி, இனி அடுத்த தவக்காலத்தில் பார்க்கலாம் என்று விட்டிருப்பார். மறுநாள் காலை தட்டில் ஒரு உருண்டை வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத் துறைக்குப் போனார். அவர் செய்தவற்றில் பெரிய காரியம் அதுதான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆனிக் கடைசியில் எடை எண்பத்தொன்பது. பெரிய சாதனை என்று சொல்ல முடியாது. மாதையன் ஓசூருக்குப் போவதற்கு முந்தின நாள், வழக்கம்போல சவரியின் பரிசலுக்குக் கை நீட்டினார்.

"தொடாத மாப்ள. பின்னாடி வா, போதும்."

சொல்லிவிட்டுச் சவரியே பரிசலைக் கவிழ்த்துத் தலைக்கு ஏற்றினார். இரண்டு இடத்தில் நின்றார். முட்டி வலித்தது, மடங்கவில்லை. துறையில் இறக்கி வைத்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"எங்கயாச்சும் உருட்டுவன்னு பாத்தேன். ஏமாத்திட்ட" என்றார் மாதையன்.

மதியம் ஆரோக்கியம்மாள் பெரிய வாளை மீன் துண்டுகளாகப் பார்த்து நாலு வறுத்து, இரண்டு உருண்டையோடு கொண்டுவந்து வைத்தார். "இன்னைக்கு ஒரு நா சாப்டுங்க. தூக்கிட்டீங்களே."

சவரி தட்டைப் பார்த்தார். அந்த வாசனை அவருக்கு இருபது வருடப் பழக்கம்.

"இன்னைக்குச் சாப்ட்டா, இன்னைக்கு ஈஸ்டர் ஆயிடும்" என்றார்.

ஒரு உருண்டையையும் மூன்று துண்டுகளையும் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த மாதையன் தட்டுக்குத் தள்ளினார். மீதியை மெதுவாகச் சாப்பிட்டுக் கை கழுவினார். துறையில் அடுத்த நடை அவருடைய முறை.