முகப்பு கெடாமல்

நகரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'படிக்கட்டுக்காரர்' என்றால் தெரியும். தேவாலயங்களை வரைந்து வரைந்தே தலை நரைத்த கட்டடக் கலைஞர். வீடு வரையச் சொல்லி யாராவது வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஆளைக் கைகாட்டிவிடுவார். தேவாலயம் என்றால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்துபோகும். அவர் கட்டிய எதுவும் தரையோடு தரையாக நிற்காது. முதலில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடை, அதற்கு மேல்தான் சுவர். தெருவிலிருந்து வாசல்வரை முழு அகலத்துக்கும் கருங்கல் படிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் வரைந்தார்.

அவர் கட்டிய பெரிய தேவாலயம் திறந்த புதிதில், கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் அவரைத் தெருவிலேயே மடக்கினார்.

"ஓரமா ஒரு சாய்வு போட்டுக் குடுத்தீங்கன்னா நானும் உள்ள வந்துட்டுப் போவேன் சார்."

"கடவுளைப் பார்க்க வர்றவங்க கொஞ்சம் ஏறித்தான் வரணும், பெரியவரே."

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அதைப் பிறகு பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கைதட்டியவர்கள் எல்லாரும் முழங்கால் நன்றாக இருந்தவர்கள். முதியவர் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

படிக்கட்டுக்காரருக்கு எழுபது தாண்டிய பிறகு மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு மட்டும் தப்பியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே பல மாதங்களை ஓட்டினாள். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குக் கல்யாணம் நடந்த அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் போய் உட்கார வேண்டும்.

"நாலு பேரைக் கூப்பிட்டா நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் அவர்.

"மூட்டை தூக்குற மாதிரியா? எல்லாரும் திரும்பிப் பார்க்க? நான் வரல."

அவள் பிடிவாதம் அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் அதனோடுதான் குடித்தனம் நடத்தினார். சாய்தளம் கட்ட அனுமதி கேட்டுப் பாதிரியாரிடம் போனார். பாதிரியார் ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொல்லவில்லை.

"முன்பக்கமே நல்லா நீளமாப் போட்டுடுங்களேன் சார். எத்தனையோ பேருக்கு உதவும்."

"முகப்பு கெட்டுடும் ஃபாதர். பக்கச் சந்துல போட்டுக்கலாம்."

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. ஓர் அடி உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆறடி மேடை. எழுபத்திரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதைப் போட இடம் முன்பக்கம்தான் இருந்தது, படிகளை மறைத்துக்கொண்டு. சந்தில் இருபது அடிக்கு மேல் கிடையாது. அந்த மனிதர் மேசை முன் உட்கார்ந்து, தெரிந்தே, இருபது அடியை வரைந்தார். நாம்தானே தள்ளப் போகிறோம், பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சாய்தளம் கட்டி முடிந்த ஞாயிறு அவள் இருப்பதிலேயே நல்ல உடையைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டாள். சந்தில் சாய்தளத்தைப் பார்த்ததும் மருமகன் முன்னால் வந்தான்.

"செங்குத்தா இருக்கே மாமா. நான் தள்ளட்டுமா?"

"வேண்டாம் மாப்பிள்ளை. என் கையாலதான் இவளை உள்ள கூட்டிட்டுப் போகணும். நீங்க மேல போய்க் கதவைப் பிடிங்க."

பாதி தூரம் ஏறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. முக்கால் தூரத்தில் கை விட்டுப்போனது. நாற்காலி அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பின்னோக்கி ஓடி, சுற்றுச்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. மருமகன் ஓடி வந்து தூக்கியபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கு பிடிக்கலப்பா."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பார்க்க வந்த எல்லாரிடமும் பிரேக் பிடிக்கவில்லை என்றே சொன்னாள். எல்லாரும் நாற்காலி செய்தவனைத் திட்டினார்கள். அவர் பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டினார்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவள் கேட்டாள்.

"என்னங்க, அது எவ்வளவு நீளம் இருக்கணும்?"

அவர் மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஊருக்கு நான் ஒண்ணு சொல்லிட்டேன். எனக்கு நீங்க உள்ளதைச் சொல்லுங்க."

"எழுபத்திரண்டு அடி."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"முகப்பு கெட்டுடுமேன்னு நினைச்சேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. பிறகு சொன்னாள்: "நான் போனா அங்க கொண்டு போகாதீங்க. பேருந்து நிலையத்துக்குப் பின்னால தகரக் கூரை போட்டு ஒரு சர்ச் இருக்குல்ல, தரையோட இருக்குமே, அங்க வைங்க. நடக்க முடியாதவங்ககூட வந்து பார்ப்பாங்க."

பத்து நாளில் நிமோனியா வந்து போய்விட்டாள்.

கூடம் நிறைய ஆட்கள். பாதிரியார் வந்து, நாளைக் காலை பெரிய தேவாலயத்தில் வைத்துக்கொள்ளலாம், பாடகர் குழுவுக்கும் சொல்லியாயிற்று என்றார். மகள் அழுதுகொண்டே அப்பாவின் தோளில் கை வைத்திருந்தாள்.

"அம்மாவுக்கு அந்த சர்ச்னா உயிர், ஃபாதர். அப்பா கட்டினதாச்சே."

அவர் பேசாமல் இருந்தால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? வேறிடம் என்று வாயைத் திறந்தால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். படிகளில் அவளைச் சுமந்து ஏறப்போகும் நாலு பேரும் அதோ வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பாதிரியார் பக்கம் திரும்பினார்.

"பெரிய சர்ச் வேண்டாம். தகரக் கூரை சர்ச்சுல வைங்க. அவதான் சொன்னா."

"ஏம்ப்பா? எதுக்கு அப்படிச் சொன்னாங்க?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்று தொடங்கினார்.

சொல்லி முடிப்பதற்குள் மகளின் கை அவர் தோளில் இல்லை.